ஒடம்பும் ஒறியும்

பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த கட்டடம். அதே பெரும்பாக்கத்தில், கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடிவைத்த அடுக்குமாடிகளும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் தொல்லியலும், அதற்குத் துணையாகக் கொஞ்சம் லத்தீனும் கிரேக்கமும் படிக்கிறேன்.

ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி லீவ் லெட்டரில் 'ஒடம்பு சரியில்ல' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அடித்தேன். "எங்க ஆயா அப்டித்தான்க்கா சொல்லும்" என்றாள். "ஆயா சொல்றது தப்பு" என்றேன். அவள் பேசாமல் நோட்டை மூடிவிட்டாள்.

அந்த வாரம் லத்தீனில் 'புரோபுஸின் பின்னிணைப்பு' என்ற பழைய பட்டியலைப் படித்தேன். யாரோ ஒரு வாத்தியார் 227 வரிகளில் 'இது சரி, அது தப்பு' என்று எழுதிவைத்தது. கண்ணாடிக்கு 'ஸ்பெகுலும்' என்று சொல், 'ஸ்பெக்லும்' என்று சொல்லாதே என்கிறது ஒரு வரி. ஆனால் இன்றைய இத்தாலியச் சொல்லும் ஸ்பானியச் சொல்லும் அவர் அடித்த 'ஸ்பெக்லு'மிலிருந்து வந்தவை. தெருவில் லத்தீன் எப்படி ஒலித்தது என்று அறிய இன்று நாம் அவருடைய தப்புப் பட்டியலைத்தான் புரட்டுகிறோம்.

அடுத்து எகிப்து. செங்கடல் ஓரம் குசைர் அல்-கதீம் துறைமுகத்தில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டுப் பழைய பானை ஓட்டில், தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று இருக்கிறது. பானையைத் தொங்கவிடும் உறிதான். ஏட்டில் 'உறி', ஓட்டில் 'ஒறி'. எழுதியவர் யாரென்று தெரியாது. எனக்குச் சட்டென்று 'ஒடம்பு' ஞாபகம் வந்தது. மண்ணுக்கு அடியில் கிடைத்தால் சான்று, ஹவுசிங் போர்டு பிள்ளையின் நோட்டில் இருந்தால் பிழையா?

அப்போ திருத்தவே கூடாதா? அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம். நான் பரீட்சை தாண்டிவிட்டேன். 'உடம்பு' என்று எழுதத் தெரியாவிட்டால் மார்க் போவது அவளுக்கு. தவிர, 'உறி' தெரிந்ததால்தான் 'ஒறி'யில் ஒரு வாய் பேசுவது எனக்குக் கேட்டது. காதைத் தீட்டித் தந்ததே இலக்கணம்தான். பரீட்சைத் தாளில் எதை எழுத வேண்டும் என்று அது சொல்லலாம். ஒருத்தியின் ஆயா தப்பு என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. அதைச் சொன்னது இலக்கணமும் இல்லை, நான்.

மறுவாரம் அவளிடம், "ஆயா சொன்னது தப்பில்ல, லெட்டர்ல மட்டும் வேற மாதிரி எழுதணும்" என்றேன். "சரிக்கா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் 'உடம்பு' என்று சரியாகத்தான் எழுதுகிறாள். ஆனால் என்னிடம் பேசும்போதும் 'உடம்பு' என்றே சொல்கிறாள்.