சருகு எங்கே போகும்?

மாசி பிறந்ததும் வேம்பு உதிர்க்கத் தொடங்குகிறது, புங்கமும் பின்தொடர்கிறது. காலையில் கூட்டிய முற்றம் உச்சிப்பொழுதுக்குள் மறுபடி சருகால் மூடிக் கிடக்கிறது. ஈர்க்குமாறா, நீளக் காம்புள்ள வாரியா, தோளில் மாட்டும் ஊதுபொறியா? விலை, நேரம், முதுகுவலி மூன்றையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். நியாயமான காரணங்களே. ஆனால் கருவியைத் தேர்ந்த அந்தக் கணத்திலேயே, உதிர்ந்த இலை குப்பையா உணவா என்பதையும் நம்மை அறியாமல் தீர்மானித்துவிடுகிறோம்.

ஈர்க்குமாறு சருகை ஒரு மூலையில் சேர்க்கும். சேர்ந்ததை என்ன செய்வது என்ற கேள்வி, கூட்டியவர் காலடியிலேயே குவிந்து கிடக்கும். ஊதுபொறியாலும் குவிக்கலாம்; எனினும் வேலிக்கு அப்பால் விரட்டிவிடும் சபலத்தை அது எளிதாக்குகிறது. சருகோடு புழுதியும் எழுந்து பக்கத்து வீட்டார் மூச்சில் கலக்கிறது. கலிபோர்னியாவின் கார்மல் என்னும் சிற்றூர் 1975-லேயே இப்பொறியைத் தடை செய்தது. பெட்ரோல் ஊதுபொறி ஒரு மணி நேரம் ஓடினால் எழும் மாசு, ஒரு கார் ஏறத்தாழ 1,100 மைல் ஓடுவதற்குச் சமம் என்று அம்மாநிலக் காற்று வள வாரியம் கணக்கிட்டது. பேட்டரிப் பொறி புகையை ஒழிக்கும், இரைச்சலைக் குறைக்கும். புழுதியை என்ன செய்யும்? நம் ஊரிலோ சருகை விரட்டப் பொறிகூட வேண்டியதில்லை, ஒரு தீக்குச்சி போதும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடையும் 5,000 ரூபாய் முதல் அபராதமும் விதித்த பின்னும் அந்தி நேரத்துத் தெருக்களில் புகை அடங்கவில்லை.

இதற்காக ஈர்க்குமாற்றுக்குத் துதி பாடுவதும் நேர்மையாகாது. அதைப் புகழ்ந்து எழுதுபவர் பெரும்பாலும் அதைப் பிடித்துக் குனிபவர் அல்லர். கூலிக்குக் கூட்டும் பெண்ணின் இடுப்பு அறிந்ததை நம் அழகுணர்ச்சி அறியாது. நீளக் காம்பு அவருக்கு நாம் செய்யும் சலுகையல்ல, நாம் தர வேண்டிய கடன்.

சருகை விரட்டும் நம்மைப் போல மரம் அலட்சியமாக எதையும் விடுவதில்லை. உதிர்க்குமுன் இலையிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, மீதியை வேரடிக்கு விடுகிறது. அந்த இலைகளை மண்புழுக்கள் வளைக்குள் இழுத்து மண்ணாக்கும் விதத்தைப் பற்றி டார்வின் 1881-ல் ஒரு நூலே எழுதினார். கொடுத்தது திரும்பி வரும் இந்தச் சுற்றுக்குள் நின்று பார்த்தால், நாம் வசதி என்று அழைக்கும் ஒவ்வொன்றும் உழைப்பையோ மாசையோ இல்லாமல் ஆக்குவதில்லை என்பதும், அண்டைவீட்டு நுரையீரலுக்கோ கூலிக்காரியின் முதுகெலும்புக்கோ வேர் பசித்துக் கிடக்கும் மண்ணுக்கோ அதை இடம் மாற்றிவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தையே தூய்மை என்று நாம் நம்பிக்கொள்கிறோம் என்பதும் விளங்கும்.

எனவே சருகுக்கு முற்றத்தில் ஓர் இடம் பார்த்த பிறகு கருவிக் கடைக்குப் போவதே முறை. மரத்தடியில் ஆழமில்லாத ஒரு குழி போதும். ஆனால் நம்மில் பலர் மரத்தின் தூர்வரை சிமென்ட் பூசிவிட்டோம். அங்கே எந்தக் கருவியை வாங்கினாலும், இலைக்கு விழ இடமுண்டு, மட்க இடமில்லை.