தாழ்ந்த குரல்

1946-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஓடும் காரிலிருந்தே தொலைபேசியில் பேசும் வசதி வந்தது. ஆற்றல் மிகுந்த ஒரே கோபுரம். அதன் அலை ஊர் முழுவதும் எட்டும். அதுவே அதன் சிக்கலும் ஆயிற்று. ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை ஊரில் வேறெவருக்கும் அது கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் பேசினாலே இடம் தீர்ந்துபோனது.

மறு ஆண்டே, பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலுக்குறைந்த கோபுரம் வைப்பது அதன் சாரம். அலை அக்கம்பக்கத்தோடு அடங்கிவிடும். அதே அலைவரிசையைச் சற்றுத் தள்ளி இன்னொருவருக்கும் கொடுக்கலாம். நம் கையிலுள்ள செல்போன் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

பின்வந்த தலைமுறைகள் பங்கிடும் கலையை நுணுக்கமாக்கின. முதல் தலைமுறையில் பேசும்வரை ஆளுக்கோர் அலைவரிசை. 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய 2ஜி, ஒரே அலைவரிசையில் எட்டுப் பேரைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முறைவைத்துப் பேசவைத்தது. 2001-இல் ஜப்பானில் வந்த 3ஜி, எல்லோரையும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவிட்டு, ஒவ்வொரு பேச்சையும் தனிக் குறியீட்டால் பிரித்தறிந்தது. 4ஜி அலைக்கற்றையை மெல்லிய இழைகளாக்கி, யாருக்கு எத்தனை என்று ஒவ்வொரு மில்லிநொடியும் முடிவெடுக்கிறது. 5ஜி கோபுரம், பெறுபவர் இருக்கும் திசைநோக்கி அலையைக் குவிக்கிறது.

இவற்றில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது 3ஜி. கோபுரத்துக்கு அருகிலுள்ள போன் முழு வலுவோடு ஒலித்தால், எல்லையில் இருப்பவரின் குரல் அதில் மூழ்கிப்போகும். அதனால் கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 1500 முறை ஆணையிட்டது: கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை. அருகில் இருந்தவர் அடங்கியதால்தான் தொலைவில் இருந்தவர் குரலும் காதில் விழுந்தது. அடக்கம் அங்கே இயற்பியலின் நிபந்தனை.

புதிய அலைவரிசைகளும் அவ்வப்போது திறந்துவிடப்பட்டன. ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இத்தனை கோடிப் பேருக்கு இடம் கிடைத்ததற்கு, தேவைக்கு மேல் ஓங்காத ஒழுங்கே பெருங்காரணம்.

மனிதர் நடுவே அப்படி ஆணையிடும் கோபுரம் கிடையாது. அதிகாரத்துக்கும் செல்வத்துக்கும் அருகில் நிற்பவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்த வேண்டும். எல்லையில் நிற்பவரின் பேச்சுரிமை, அருகில் நிற்பவரின் அடக்கத்தில்தான் இருக்கிறது.