சும்மா நின்று ரயில் பார்ப்பது

ஒரு பெண் பொதுவெளியில் நிற்க வேண்டுமென்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். இது நம் ஊர்களில் எழுதப்படாத சட்டம். பேருந்துக்காக நிற்கலாம். ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம். பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம். கோயிலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கையில் பையோ குடமோ குழந்தையோ இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இவை எதுவும் இல்லாமல், பார்க்கப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஓரிடத்தில் நிற்க ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டா? உண்டு என்றால், அந்த உரிமை எதுவரை செல்லும்? முதல் கேள்விக்கு என்னிடம் வெகுநாளாகப் பதில் இருந்தது. இரண்டாவது கேள்வியை என் தோழிதான் என்னிடம் கொண்டுவந்தாள்.

நாங்கள் இருவரும் ரயில் பார்ப்பவர்கள். நான் ஆசிரியை. அவள் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒரு நாளை ஒதுக்கி, தண்டவாளம் தெரியும் ஓர் இடத்துக்குப் போய், வருகிற வண்டிகளைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்புவோம். கடந்த ஜூலையில் போனது ஆரல்வாய்மொழிக்கு. மேற்குத்தொடர்ச்சி மலை அங்கே ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பாய்ந்து வருவதால்தான் முப்பந்தல் சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பாதை அவற்றின் நடுவே செல்கிறது. பின்னால் மலை, இரு பக்கமும் சுழலும் இறக்கைகள், நடுவே வளைந்து வரும் வண்டி. ரயிலைப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நாங்கள் நின்றது ரயில்வே எல்லைக்கு வெளியே ஓடும் ஒரு மண்பாதையில். தண்டவாளத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. நாங்கள் அதைச் செய்வதில்லை. மின்சார இன்ஜின் இழுத்து வரும் வண்டி எதிர்க்காற்றில் நூறடி வரும்வரை காதில் விழாமல் போகலாம். ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமும்கூட: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காலை ஒன்பது மணியளவில் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“இங்க நின்னு என்னம்மா பண்ணுதீங்க?”

“ரயில் பார்க்கோம் அண்ணாச்சி,” என்றாள் தோழி.

“ரயில்ல ஏறிப் போவாங்க. நின்னு பார்க்கதுக்கு என்ன இருக்கு?”

“நல்லாருக்கும்லா.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கேமராவோடு நிற்கும் ஓர் இளைஞனிடம் அவர் “அடுத்து என்ன வண்டி?” என்று கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். எங்களிடம் கேட்கப்பட்டது வண்டியைப் பற்றிய கேள்வி இல்லை, எங்களைப் பற்றிய கேள்வி. “காலேஜ் புராஜெக்ட்” என்றோ “பத்திரிகைக்கு” என்றோ சொல்லியிருந்தால் இரண்டாவது கேள்வியே வந்திருக்காது. தோழி அப்படிச் சொல்லவே மாட்டாள். பொய் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டினால் இல்லை. அந்தப் பொய்யைச் சொன்னால், வேலை இருந்தால்தான் நான் இங்கே நிற்கலாம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பாள்.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. வெளியே வரும் பெண்கள், தங்களுக்கு ஏதோ வேலை இருப்பதாகத் தொடர்ந்து காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதுகாப்பைக் கேட்பதோடு நின்றுவிடாமல், வேலையின்றி வெளியே திரியும் உரிமையையும் கேட்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஓய்வு என்பது வெறும் ஆசை சார்ந்த விஷயமும் இல்லை, அதற்குக் கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அந்த வித்தியாசத்தில் எத்தனையோ வண்டிகள் கடந்து போய்விடும்.

இதுவரை நான் முன்பே அறிந்த பதில். இனித் தோழி சொன்னது.

ரயிலைப் படம் எடுப்பவர்களுக்குப் பிடித்த வேளை விடிந்த முதல் ஒரு மணி நேரம். சூரியன் தாழ்ந்திருக்கும். இன்ஜினின் பக்கவாட்டில் வெளிச்சம் விழும். சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் அந்தப் பாதையைக் கடப்பதும் அதிகாலையில்தான். ஆனாலும் எட்டு மணிக்கு முன்னால் தண்டவாளப் பக்கம் கேமராவோடு போகக் கூடாது என்பது தோழியின் விதி. எந்த ஊராக இருந்தாலும் அப்படித்தான். அன்று அதற்கான காரணத்தை விரிவாகச் சொன்னாள்.

அவள் பிறந்து வளர்ந்தது வேறொரு மாவட்டத்தில், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தெருவில். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. விடியும் முன்பு அம்மாவும் சித்தியும் அவளை எழுப்பித் தண்டவாளத்தோரப் புதருக்குக் கூட்டிப்போவார்கள். வண்டியின் முகப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததும் எல்லாப் பெண்களும் எழுந்து நின்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். பெட்டிகள் எல்லாம் கடந்த பிறகு மறுபடி உட்காருவார்கள். “முகம் தெரியாட்டா போதும், உடம்பு யாரோடதுன்னு தெரியாது” என்பாளாம் சித்தி. இவளுக்கு ஏழு வயது. இவள் மட்டும் திரும்பமாட்டாள். வண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வெளிச்சமான ஜன்னல்கள் வரிசையாக ஓடுவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அதற்காக அடி வாங்கியிருக்கிறாள்.

“எனக்கு ரயில் பிடிச்சுப்போனது அங்கதான்,” என்றாள். “அவங்க எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்ட இடத்துல.”

அந்தப் பெண்களும் எல்லை கடந்தவர்களே. அதே 147ஆம் பிரிவு அவர்கள்மேலும் பாயலாம். அவர்கள் கேட்டது நிற்கும் உரிமையைக்கூட இல்லை. காரணம் சொல்லத் தேவையே இல்லாத, உடலின் மிக எளிய தேவைக்காக வந்தவர்கள். ஆயினும் வண்டிக்கு வண்டி எழுந்து நின்றார்கள். ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தவர்களில் நீங்களும் நானும் இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு வாதம் எழும். கழிப்பறை இல்லாத பெண்கள் இருக்கும் நாட்டில், ரயில் பார்க்கும் உரிமையைப் பேசுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு இல்லையா? முதலில் தேவை, பிறகுதானே ஆசை? நேர்மையான கேள்விதான். ஆனால் இந்த வரிசை நமக்குப் பழக்கமானது. முதலில் சமையல், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியாரின் மருந்து, எல்லாம் முடிந்தபின் நேரம் மிஞ்சினால் உன் ஆசை. அந்த மிச்ச நேரம் வந்ததே இல்லை. புதரோரம் நின்ற ஏழு வயதுச் சிறுமிக்குத் தேவையும் ஆசையும் ஒரே நிமிடத்தில், ஒரே இடத்தில் இருந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் மதிப்பது அவளைப் பாதியாக மதிப்பது.

ஆனால் அந்த வாதத்தில் நான் ஏற்கும் பகுதி ஒன்று உண்டு. காரணமின்றிப் பார்க்கும் உரிமையும், பார்க்கப்படாமல் இருக்கும் உரிமையும் ஒரே வேரில் கிளைத்தவை. நான் இங்கே இருப்பதற்கு யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்பதே இரண்டின் பொருளும். அப்படியானால் முதலாவதை எனக்காகக் கேட்டுவிட்டு, இரண்டாவதை அவளிடமிருந்து பறிக்க முடியாது. பொன்னிற வெளிச்சத்தில் இன்ஜின் எவ்வளவு அழகாக இருந்தாலும், சட்டகத்தின் ஓரத்தில் ஒரு பெண் அவசரமாக எழுந்து நிற்க வேண்டியிருந்தால் அந்தப் படம் எனக்கு வேண்டாம். அவள் முகம் தெரியாது, பிறகு அழித்துவிடலாம் என்பது பதிலாகாது. கேமராவைக் கண்டதும் அவள் எழுந்துவிட்டாள். நடக்க வேண்டியது அப்போதே நடந்துவிட்டது.

இது தண்டவாளத்தோரத்தோடு முடிவதும் இல்லை. ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநராக அறியப்படும் சுரேகா யாதவ் 2023 மார்ச்சில் வந்தே பாரத் ரயிலை ஓட்டியபோது நாடே கைதட்டியது. ஆனால் நம் ரயில் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் நெடுங்காலம் கழிப்பறையே இல்லாமல் இருந்தது. பணிக்கு வரும்போது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதாகப் பெண் ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆறாயிரம் குதிரைத்திறனுக்கும் மேலான இன்ஜினை இயக்கியவளும், அதன் விளக்கைக் கண்டு எழுந்து நின்றவளும் அடக்கிக்கொண்டது ஒன்றையே. இந்த இரு பெண்களையும் சேர்த்துப் பார்க்காமல் முதலாமவளை மட்டும் படம் எடுத்துக் கொண்டாடுவது எளிது.

அன்று மதியம் ஒன்றரை மணி வாக்கில் நாகர்கோவில் வந்தே பாரத் வந்தது. தோழி கேமராவை வெளியே எடுக்கவில்லை. கையில் கேமரா இருந்தால் அதுவும் ஒரு வேலைதானே, இந்த ஒரு வண்டியைச் சும்மா பார்க்கப்போகிறேன் என்றாள். காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வண்டி முழுவதும் கடக்கும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதைப் படிக்கும் இளம்பெண்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ரயிலோ, கடலோ, கால்பந்தோ, உங்களுக்குப் பார்க்கப் பிடித்ததை நின்று பாருங்கள். யாராவது கேட்டால் பிடித்திருக்கிறது என்றே சொல்லுங்கள், அதுவே போதிய காரணம். நிற்பதற்கு முன்னால், அதே இடத்துக்கு வேறு வழியில்லாமல் வந்து போகும் பெண்கள் யார், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். அவர்களின் தெருவுக்கு இன்னும் ஏன் தண்ணீருள்ள கழிப்பறை வரவில்லை என்று உங்கள் பஞ்சாயத்தில் கேட்கப் போங்கள். அதற்கும் உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும்.