விடையும் அறிவும்

‘தெரியும்’ என்னும் சொல்லைப் போல எளிதில் நம் வாயினின்று வெளிப்படும் சொல் பிறிதொன்று இல்லை எனலாம். ஒருவர் கணக்கொன்றைச் செய்து காட்டுகின்றார், நாம் வரிவரியாகப் பின்தொடர்கின்றோம், எவ்விடத்தும் தடை தோன்றவில்லை, ‘தெரிந்தது’ என்கின்றோம். மறுநாள் அதே கணக்கைத் தனித்திருந்து செய்ய முற்படும்போது முதல் வரியே வர மறுக்கின்றது. அங்ஙனமாயின் முந்திய நாள் நாம் பெற்றது யாது? நாம் அறிந்தோமா, அன்றிப் பிறர் அறிவைக் கண்டு மகிழ்ந்தோமா? இவ்வினா கல்வி முறையை மட்டுமன்றி நேர்மையையும் தொடுகின்றது. ‘தெரியும்’ என்பவன் பிறருக்கு ஒரு வாக்குறுதியை அளிக்கின்றான் அல்லவா?

கலைப்பீட மாணவனாகிய எனக்கு இவ்வினா பௌதிக இரசாயனத்தின் வழியே வந்து சேர்ந்தது. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த நண்பர் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானார். உயர்தர வகுப்பில் அவருக்கு இரசாயனவியல் கற்பிக்க நிலையான ஆசிரியர் இருந்ததில்லை. வார இறுதியில் பதுளைக்குச் சென்று, கடந்தகால வினாத்தாள்களின் விடைகளைப் பிரதி செய்து, அவற்றை மனனஞ் செய்தே சித்தியடைந்தார். பல்கலைக்கழகத்தின் முதற் பரீட்சையிலோ வினாக்கள் உருமாறி வந்தன. மனனஞ் செய்த விடைகள் யாவும் நினைவில் இருந்தன. எதற்கு எது உரியது என்பதுதான் தெரியவில்லை.

விடுமுறையில் வீடு திரும்பியபோது அவர் என்னிடம் விசித்திரமான உதவியொன்றைக் கேட்டார். ‘உனக்கு இரசாயனம் தெரியாது. ஆகையால் நான் செய்யும் கணக்கை உனக்கு விளக்குகின்றேன். விளங்காத இடத்தில் நிறுத்து’ என்றார். எடுத்துக்கொண்ட கணக்கு எங்கள் ஊரைப் பற்றியதே. கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் எத்தனை பாகையிற் கொதிக்கும்? மேலே செல்லச் செல்ல வளி அமுக்கம் குறையும். கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமாக இருப்பது அங்கே ஏறத்தாழ 640 மில்லிமீற்றராகும். அதனை அறிந்தால் கிளோசியஸ் – கிளப்பெரன் சமன்பாட்டின் துணையுடன் கொதிநிலையைக் கணிக்கலாம்.

நண்பர் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதினார். எண்களை இட்டார். விடையும் வந்தது: –246 பாகை. அதன் கீழ்க் கோடிட்டு அடுத்த கணக்குக்குச் செல்ல முற்பட்டார். நான் நிறுத்தினேன். ‘அப்படியானால் நம் வீட்டுக் கேத்தலுக்கு அடுப்பே வேண்டாமா?’ என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் தாளையே நோக்கியிருந்தார். பின்னர்ப் பிழையைத் தாமே கண்டார். ஆவியாதல் வெப்பவுள்ளுறையாகிய 40.7 என்பது கிலோயூலில் தரப்பட்டது. வாயு மாறிலியாகிய 8.314 என்பது யூலில் அமைந்தது. ஒன்றை மற்றதற்கு மாற்ற மறந்துவிட்டார். திருத்தியபோது விடை ஏறத்தாழ 95 பாகையாயிற்று. கொழும்பிலிருந்து வரும் அக்கா, ‘இங்கே கடலை அவிய நேரமெடுக்கிறது’ என்று முறையிடுவதன் காரணம் அன்றுதான் எங்கள் இருவருக்கும் விளங்கிற்று.

என் கேள்வியில் இரசாயன அறிவு எதுவும் இருக்கவில்லை. கேத்தலைக் கண்ட எவரும் கேட்கக்கூடிய கேள்வி அது. நண்பரும் அதே கேத்தலில் தேநீர் குடித்து வளர்ந்தவரே. எனினும் கணக்குத் தாளின் முன் அமர்ந்ததும் தம் வாழ்வை வெளியே வைத்துவிட்டார். விடை என்பது உலகைப் பற்றிய ஒரு கூற்று. அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும் என்பதை அவருக்கு எவரும் உணர்த்தியிருக்கவில்லை. விடை அவருக்குப் புள்ளி பெறுவதற்குரிய ஒரு பொருளாகவே இருந்துவந்தது.

எனவே, தன் பிழையைத் தானே காண வல்லவனே ஒன்றை அறிந்தவன் எனத் துணியலாம். அவ்வாற்றல் விடையை வாசிப்பதனால் வருவதன்று. பிழை செய்து, அப்பிழையோடு சிறிது நேரம் இருப்பதனால் வருவது. பவணந்தி முனிவர் நன்னூலில் இதனை நுட்பமாக வகுத்துள்ளார். ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாகக் கொண்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதனால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அவர் கருத்து. என் நண்பர் அவ்வரைப்பங்கைத் தேடியே என்னிடம் வந்தார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘இடர்ப்பட்டுக் கற்பதே கல்வியெனின், ஆசிரியரின்றிக் கற்ற தோட்டத்து மாணவர் பேறு பெற்றவரன்றோ?’ என்று ஒருவர் வாதிடக்கூடும். முயற்சியின் பெருமையைப் பேசி இல்லாமையை மறைக்கும் இவ்வாதம் தவறானது. பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலில் சோக்கிரதர் ஓர் அடிமைச் சிறுவனிடம், ஈரடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இருமடங்காக்குமாறு கேட்கின்றார். சிறுவன் நாலடி என்கின்றான். பின்னர் மூன்றடி என்கின்றான். இறுதியில் தெரியாது என ஒப்புக்கொள்கின்றான். அத்திகைப்பு அவனுக்கு நன்மையே செய்தது என்கின்றார் சோக்கிரதர். ஆனால் அச்சிறுவன் திகைத்தபோது சோக்கிரதர் அவன் அருகிலேயே இருந்தார்.

எங்கள் தொழிற்சாலையிலும் இதுவே நடைமுறை. கொழுந்தின் எடையில் முக்காற் பங்கு நீர். அதை வேண்டிய அளவு வாட்டுதல் வேண்டும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றில் கொழுந்து விரைந்து வாடும். வாட்டும் தட்டில் பணிபுரியும் என் தந்தையார் ஒரு பிடி கொழுந்தைக் கையில் இறுக்கி விரித்தே பதம் சொல்வார். அவருக்கு அதனைச் சூத்திரமாக எவரும் சொல்லித் தரவில்லை. ஆயின், அவர் தனியே விடப்படவும் இல்லை. பதம் தவறிச் சொன்ன நாள்களில் மூத்த தொழிலாளி ஒருவர் அருகில் நின்று, ‘இன்னொரு தடவை பிடித்துப் பார்’ என்றாராம்.

இடர்ப்பாடு இருவகைத்து. ஒன்று, துணையோடு கூடிய திகைப்பு, அது கற்பிக்கும். மற்றொன்று, கைவிடப்பட்ட தனிமை. அது மனனத்துக்கே வழிவிடும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை அன்று எட்டவில்லை. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுத் தேயிலைத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாயிற்று. தந்தையர் கையாற் கண்ட பதத்தைப் பிள்ளைகள் சமன்பாட்டாற் காணும் வாய்ப்பு ஊரிலேயே உள்ளது. ஆயினும், இரசாயன ஆசிரியர் இல்லாத வகுப்பறையிலிருந்து அவ்வாயிலை அடைவது எங்ஙனம்? மனனஞ் செய்து வந்தவரைப் பழிப்பதற்கு முன்னர், அவருக்கு வேறு வழி விடப்பட்டிருந்ததா எனக் கேட்பதே நீதியாகும்.

விடுமுறைகளில் நம்மிற் பலர் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்று உயர்தர மாணவர்க்கு வகுப்பு நடத்துகின்றோம். காலம் குறுகியது என்று கருதி விடைத்தொகுதிகளை வழங்கித் திரும்புகின்றோம். அவற்றைப் பெறும் மாணவர் மகிழ்கின்றனர். நாமும் மனநிறைவு கொள்கின்றோம். இனிமேல் பத்து விடைகளைக் கொண்டு செல்லாது ஒரு கணக்கைக் கொண்டு செல்வோம். மாணவர் –246 என்று எழுதும்வரை பொறுத்திருப்போம். எழுதிய பின்னும் எழுந்து போகாதிருப்போம். அத்துடன், நாம் ஆண்டில் இரண்டு வாரம் செய்வதை ஆண்டு முழுவதும் செய்யவல்ல ஆசிரியர் அங்கே நியமிக்கப்படல் வேண்டும் என்று தளராது கேட்போம். முன்னதைச் செய்து பின்னதை மறப்போமாயின், நாமும் ‘தெரியும்’ என்று பொய் சொன்னவராவோம்.