சாம்பலை நிறுத்தும் தகடுகள்

இன்னும் விடியவில்லை. கணியம்பாடி நிறுத்தத்தில் டீக்கடை விளக்கு மட்டும். ஜவ்வாது மலை, இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டு.

மூச்சு குளிர்ந்து உள்ளே போகிறது. வெதுவெதுப்பாக வெளியே வருகிறது.

*

ஜன்னலோர இருக்கை. பாகாயம் தாண்டும்போது வெளிச்சம். வேலூரில் இறங்கி ராணிப்பேட்டைக்கு வேறு வண்டி.

கழுத்தில் அடையாள அட்டை. நாடாவில் புது வாசனை.

*

வேலை பெல்லில் (BHEL). 1964-ல் தொடங்கிய நிறுவனம். பட்டறையில் சிலருடைய பணிக்காலம் என் வயதைவிட நீளம். அவர்கள் நடப்பதில் அவசரம் இல்லை.

*

இங்கே ஈ.எஸ்.பி. செய்கிறோம். மின்புலத்தால் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சாதனம்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோகூட மிஞ்சும். பெரும்பகுதி புகையோடு பறக்கிறது. அதைப் புகைபோக்கிக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

வரிசையாகத் தொங்கும் உயரமான தகடுகள். இடையே மின்முனைகள். பல்லாயிரம் வோல்ட்.

துகள் மின்னேற்றம் பெறுகிறது. தகட்டை நோக்கி நகர்கிறது. ஒட்டிக்கொள்கிறது.

ஒரு சுத்தியல் தகட்டைத் தட்டுகிறது. சாம்பல் அடியில் உள்ள ஹாப்பரில் விழுகிறது.

அடிக்கடி தட்டினால் மறுபடி புகையில் கலந்துவிடும். தட்டாமலே விட்டால் படலம் தடித்துவிடும். படலம் சேரும்வரை சுத்தியல் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பையும் ஒருவர் கணக்கிட்டிருக்கிறார்.

*

மதியம். பட்டறையில் வெல்டிங் நின்ற பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம். மெல்ல அடங்குகிறது.

*

உடன் படித்தவர்கள் சென்னையில், பெங்களூரில். சம்பளம் பற்றிய எண்ணம் வருகிறது.

இருக்கிறது.

போகிறது.

*

திரையில் ஒரு தாங்கிச் சட்டம். துளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியைத் திரும்பவும் பார்க்கிறேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. தகடு சாய்ந்தால் மின்புலம் சீராக இருக்காது.

*

ஞாயிறு. மொட்டைமாடி. அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து காற்று. கைப்பிடிச் சுவரில் விரல் வைக்கிறேன். மெல்லிய தூசி.

எங்கிருந்தோ வந்தது.

*

நன்றாக ஓடும் ஈ.எஸ்.பி. 99 சதவீதத்துக்கும் மேல் சாம்பலைப் பிடித்துவிடுகிறது. புகைபோக்கியின் வாயில் பார்க்க எதுவும் இருப்பதில்லை.

எதுவும் தெரியாமல் இருப்பதற்காக இத்தனை டன் எஃகு. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

*

வரைபடத்தின் வலது கீழ் மூலை. மூன்று கட்டங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகள். மற்ற இரண்டிலும் கையெழுத்து ஆகிவிட்டது.

திங்கட்கிழமை தகடு வெட்டுகிறார்கள்.