தழும்பு

பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்தில் உழைத்து மறைந்த ஒருவரின் படத்தை, முதலாமாண்டு நினைவுநாளுக்குப் பெரிதாக்கித் தரச்சொல்லி அவர் மனைவி கொண்டுவந்தார். கன்னத்தில் ஒரு தழும்பு. ஃபோட்டோஷாப்பில் அழித்துவிட்டேன். வேண்டாமென்றால் திருப்பிக்கொள்ளலாம் என்ற தைரியம்தான்.

வாங்கிப் பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை. "தம்பி, இது அவரு மாதிரியே இல்லப்பா. பாராங் பட்ட காயம் எங்க?"

கோப்பை மூடியிருந்தேன். மூடினால் 'ஹிஸ்டரி' மொத்தமும் போய்விடும். மூலத்தின் மேலேயே சேமித்தும் வைத்திருந்தேன். பழைய படத்தை வாங்கி மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தபோது படையல் முடிந்திருந்தது.

1998இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை ஃபோட்டோஷாப்பில் கடைசியாகச் செய்த ஒன்றைத்தான் திருப்ப முடியும். இப்போது இயல்பாகவே 50 படிகள். 1000 வரை கூட்டலாம், கணினியின் நினைவகம் தாங்கினால். அன்றிரவு நான் 200 ஆக்கினேன்.

ஆக்கிய பிறகுதான் உறைத்தது. அத்தனை படிகளும் எனக்கானவை. பிழை என்று எனக்குத் தெரிந்தால்தானே திரும்புவேன்? நான் அதை அழகென்று நினைத்தல்லவா செய்தேன்! திருப்பிக்கொள்ளலாம் என்ற வசதி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை என்னிடமிருந்து பறித்துவிட்டது.

இப்போதெல்லாம் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "அக்கா, இது இருக்கட்டுமா?"