எத்தனையாவது துகள்?

இதைக் கணினியில் படிக்கிறீர்கள் என்றால், கைக்குக் கீழே இருக்கும் விசைப்பலகை மலிவு ரகம் என்றால், ஒருநாள் கழற்றிப் பாருங்கள் (வாரண்டி முடிந்த பிறகு). உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின்மேல் சாம்பல் நிறக் கோடுகள். அது கம்பி இல்லை, மை. வெள்ளித் துகள்களைப் பிசினில் குழைத்து, பனியனில் படம் அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டது. சோலார் பேனலின் மெல்லிய கோடுகள், சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் பலவற்றின் மின்முனைகள், எல்லாம் இதே குடும்பம்தான்.

பிசின் மின்சாரத்தைக் கடத்தாது. வெள்ளி கடத்தும், உலோகங்களிலேயே அதுதான் முதலிடம். அப்படியானால் கொஞ்சம் வெள்ளி கலந்தால் கொஞ்சம் கடத்தும், நிறையக் கலந்தால் நிறையக் கடத்தும் என்றுதானே தோன்றும்? அப்படி நடப்பதில்லை. கலக்கிறோம், ஒன்றுமில்லை. இன்னும் கலக்கிறோம், ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தில் சட்டென்று ஓட ஆரம்பிக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பாதை போட்டுவிட்டன.

1957இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இருவர் இதற்கான கணிதத்தைத் தொடங்கிவைத்தார்கள். பெர்கொலேஷன் என்று பெயர். ஃபில்டர் காபி இறங்குகிற அதே சமாசாரம். கட்டம் போட்ட பெரிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டே போங்கள். பக்கவாட்டில் ஒட்டும் கட்டங்களை மட்டும் தொடர்பு என்று எடுத்துக்கொண்டால், சுமார் 59 சதவீதம் நிரம்பும்போது பாதை திறக்கும்.

சரி, பாதையைத் திறந்தது எந்தத் துகள்? கடைசியாக விழுந்ததா? அதை முதலில் போட்டிருந்தால் சும்மா கிடந்திருக்கும். பாதை அமைந்த பிறகு நடுவில் ஏதோ ஒன்றை எடுத்தால் மின்சாரம் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடும். ஆக, தனியாகக் கேட்டால் எந்தத் துகளும் ‘நான் இல்லை’ என்று சொல்லலாம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியான ‘ரீஸன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் ஒரு கொடூரமான கற்பனையை வைக்கிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அது எல்லாக் கைதிகளின் வலியையும், அவர்களே உணர முடியாத அளவுக்கு, ஒரு துளி கூட்டுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடிக்கும்போது வலி தாங்க முடியாதது. ஆனால் யார் செயலும் தனியாக யாரையும் நோகடிக்கவில்லை. கூட்டாகச் செய்வது கேடு என்றால், அதில் என் பங்கு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது தவறாகலாம் என்பது பார்ஃபிட்டின் பதில்.

பதில் சரிதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. அந்த ஆயிரம் பேரும் ஒரே அளவு. மையில் அப்படி இல்லை.

என் அப்பா தினமும் காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைக்கிறார். ஐந்து வினாடியில் எண் வந்துவிடும், ஸ்ட்ரிப் குப்பைக்குப் போய்விடும். பூமி சேர்த்து வைத்த உலோகத்தை நாம் வெட்டியெடுத்து, சுத்தப்படுத்தி, பிறகு துளித்துளியாகப் பிளாஸ்டிக்கில் பூசித் தூவிவிடுகிறோம். காயலான் கடைக்காரர் இரும்பை எடைபோட்டு வாங்குவார், ஸ்ட்ரிப்பை வாங்குவாரா? தராசு முள்ளே அசையாது. இதை எங்கேயோ படித்துவிட்டு நான் போய் ‘அப்பா, அந்த வெள்ளி வீணாகுதுப்பா’ என்றால், ‘அதுக்கு நான் என்னடா பண்றது, சுகர் பார்க்க வேணாமா?’ என்பார். பொறுப்பு பற்றி எவ்வளவு உயர்வாகப் பேசினாலும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத பேச்சை நான் நம்பமாட்டேன்.

இங்கேதான் மையின் இன்னொரு குணம் உதவுகிறது. உருண்டைத் துகளுக்குப் பதில் வெள்ளி நானோ இழைகளைப் போட்டால், அல்லது கார்பன் நானோ குழாய்களைப் போட்டால், மிகக் குறைந்த அளவிலேயே பாதை அமைந்துவிடும். காரணம் எளிது. நீளமானது தூரத்தில் இருப்பதைத் தொடும். அப்பா ஓர் உருண்டை. எந்த மை, எத்தனை மில்லிகிராம், பயன்படுத்தியதைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்று ஒரு மீட்டிங்கில் முடிவெடுக்கிறவர் இழை. என் வேலையிலும் இது தெரிந்த கதைதான். ஒரு செட்டிங்கின் டீஃபால்ட்டை ஒருவர் ‘ஆன்’ என்று வைத்தால், லட்சம் பேர் அதை ‘விரும்பி’ பயன்படுத்தியதாக அறிக்கை வரும். ‘நம் எல்லோருக்கும் பங்குண்டு’ என்ற வாக்கியம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். அதில் உருண்டைகளும் இழைகளும் ஒரே எடைக்கு வந்துவிடுகின்றன.

அதற்காக உருண்டைகளால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. மின்காந்த அலையைத் தடுக்கும் கவசத்தைப் பாருங்கள். போனுக்குள் சிப்களின்மேல் இதே மாதிரி மையைத் தெளித்துக் கவசமாக்குவதும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருப்பதும் கவசம்தான், முழுக்கத் துளை. ஆனாலும் அலை வெளியே வருவதில்லை. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், துளைகளோ மில்லிமீட்டர் கணக்கு. அந்தத் துளைகளில் ஒரு வரிசையை ஒன்றாக இணைத்து ஆறு சென்டிமீட்டர் கீற்றாக்கினால் கதை மாறிவிடும். கீற்று ஒல்லியாக இருந்தாலும் அதுவே ஆன்டெனாபோல அலையை வெளியே விடும். கசிவைப் பெரிதும் தீர்மானிப்பது துளையின் பரப்பு இல்லை, நீளம்.

தனித்தனியாக மறுப்பவர்கள் அந்தக் கதவின் துளைகள். ஸ்ட்ரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள் என்று ஊருக்கு ஒருவர் கேட்டால் கம்பெனிக்கு அது கேட்கவே கேட்காது. ஒரே மருந்துக்கடையில், ஒரே மாதத்தில், ஒரே பிராண்டிடம் கேட்டால்?

அந்த 59 சதவீதம்கூட கண்ணை மூடிக்கொண்டு நிரப்புபவர்களின் கணக்குதான். நூற்றுக்கு நூறு கட்டம் போட்ட தாளில் பத்தாயிரம் கட்டங்கள் இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு ஒரே வரிசையாக நிரப்பினால், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நூறு கட்டம். ஒரு சதவீதம்.